சட்டத்துக்கு உட்பட்ட குறுஞ்செய்தி தடுக்கப்பட்டால் என்ன செய்வது: சென்னைச் சங்கங்களுக்கு ஒரு வழிகாட்டி

"குடிநீர் லாரி நாளை வராது" என்று மடிப்பாக்கத்திலோ மாதவரத்திலோ ஒரு குடியிருப்போர் நலச்சங்கம் தன் உறுப்பினர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்தியில் சட்டவிரோதமானது எதுவும் இல்லை. ஆனாலும் அந்தச் செய்தி பல வீடுகளுக்குப் போய்ச் சேராமல் இருப்பது அன்றாடம் நடக்கிறது. ஏன் சேரவில்லை என்பது சங்கச் செயலாளருக்குத் தெரிவதில்லை. யாரைக் கேட்பது என்பதும் தெரிவதில்லை. வாட்ஸ்அப் குழு இருக்கும்போது குறுஞ்செய்தி எதற்கு என்று கேட்பவர்கள், 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இணையம் படுத்துவிட்ட நாட்களில் சிறிதளவு சிக்னல் இருந்தாலே போய்ச் சேரக்கூடியது குறுஞ்செய்திதான். பட்டன் போன் வைத்திருக்கும் முதியவர்களுக்கு எல்லா நாளும் அது ஒன்றுதான் வழி. நலச்சங்கங்கள், வட்டார நூலகங்கள், இலவச மருத்துவ முகாம் நடத்துவோர், சிறிய டியூஷன் மையங்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு செய்தியை நிறுத்தும் உரிமை, அதை வேண்டாம் என்று சொல்லும் பெறுநருக்கும், காரணத்தை எழுத்தில் பதிந்து ஆணையிடும் சட்டபூர்வ அதிகாரத்துக்கும் மட்டுமே இருக்க வேண்டும். மோசடிச் செய்திகளைத் தொலைபேசி நிறுவனங்கள் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் சட்டத்துக்கு உட்பட்ட செய்தியை, அனுப்பியவருக்கும் பெற வேண்டியவருக்கும் தெரியாமல் நிறுத்திவைக்கும் அதிகாரம் அவற்றுக்கு இருக்கக் கூடாது. கீழே சொல்லும் வேலைகள் எல்லாம் இந்த எண்ணத்திலிருந்து வந்தவையே.

தடுத்தது யார் என்று முதலில் கண்டறியுங்கள்

செய்தி வரவில்லை என்று ஒருவர் சொன்னவுடன் தொலைபேசி நிறுவனத்தைக் குறை சொல்லத் தொடங்குவது பயன் தராது. செய்தி மூன்று இடங்களில் நிற்கலாம்: அனுப்பும் தளத்தைவிட்டே வெளியேறாமல் இருந்திருக்கலாம், நிறுவனத்தின் வடிகட்டியில் சிக்கியிருக்கலாம், அல்லது பெறுநரின் கைப்பேசிக்குள்ளேயே ஒளிந்திருக்கலாம். மூன்றாவதைத்தான் முதலில் பாருங்கள், ஏனெனில் அதைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். ஆண்ட்ராய்டு போனில் கூகுள் மெசேஜஸ் செயலியில் ஸ்பேம் எனத் தனிக் கோப்புறை உண்டு. ஐபோனில் அறிமுகமற்றவர்களின் செய்திகளை வடிகட்டும் அமைப்பு உண்டு. செய்தி அங்கே கிடந்தால் தொலைபேசி நிறுவனம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள். பெறுநர் அந்த அனுப்புநர் பெயரை நம்பகமானதாகக் குறித்துவிட்டால் விஷயம் முடிந்தது.

அங்கே இல்லையென்றால், மொத்தக் குறுஞ்செய்தி அனுப்பித்தரும் இடைநிலை நிறுவனத்தின் டாஷ்போர்டைத் திறந்து டெலிவரி ரிப்போர்ட்டைத் தரவிறக்குங்கள். 'எக்ஸ்பயர்ட்' என்று இருந்தால் பெரும்பாலும் பெறுநரின் போன் அணைந்திருந்தது அல்லது சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தது. 'ரிஜெக்டட்' என்று இருந்தால் செய்தி ஏற்றுக்கொள்ளப்படவே இல்லை; பக்கத்தில் ஒரு பிழை எண் இருக்கும், அதன் விளக்கத்தை இடைநிலை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாக 'ஆபரேட்டர் சைடு பிராப்ளம் சார்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அந்தப் பதிலைக் கொண்டு எந்தப் புகாரையும் நகர்த்த முடியாது. எந்த எண்ணுக்கு, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த டெம்ப்ளேட்டில் (முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற செய்தி வடிவத்தில்) அனுப்பிய செய்தி எந்தப் பிழையோடு நின்றது என்னும் ஐந்து விவரங்கள் கொண்ட ஒரு வரியே உங்கள் ஆதாரம்.

பதிவும் டெம்ப்ளேட்டும்

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018 ஜூலையில் வெளியிட்ட வணிகத் தகவல்தொடர்பு விதிமுறைகளின்படி, மொத்தமாகச் செய்தி அனுப்பும் அமைப்பு டிஎல்டி எனப்படும் பதிவேட்டில் தன்னைப் பதிந்துகொள்ள வேண்டும். ஜியோ, ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் ஆகிய ஒவ்வொன்றும் இதற்கென ஒரு தளம் நடத்துகின்றன. ஒன்றில் பதிந்தால் மற்றவற்றிலும் அது செல்லும். கட்டணம் தளத்துக்குத் தளம் மாறும் என்பதால் ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சங்கத்தின் பதிவுச் சான்றிதழ், சங்கத்தின் பெயரில் உள்ள பான் அட்டை, பொறுப்பாளர் ஒருவருக்கு அதிகாரம் அளிக்கும் கடிதம் ஆகியவை வேண்டும். மூன்றிலும் சங்கத்தின் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் 'நகர்' என்றும் மற்றொன்றில் 'நகர் விரிவு' என்றும் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

செயலாளரின் சொந்த சிம்மிலிருந்தே அனுப்பிவிடலாமே என்ற எண்ணம் எல்லாருக்கும் வருவதுதான். பத்துப் பதினைந்து பேருக்கு என்றால் பரவாயில்லை. அதற்கு மேல் அது ஆபத்து. 2025 பிப்ரவரியில் செய்த திருத்தத்தின்படி, பதிவு செய்யாத எண் ஒன்றின் மீது பத்து நாட்களுக்குள் ஐந்து புகார்கள் வந்தாலே அது நடவடிக்கைக்கு உள்ளாகலாம். முதல் மீறலுக்குப் பதினைந்து நாட்கள் வெளிச்செல்லும் சேவை நிறுத்தப்படும், மீண்டும் நடந்தால் ஓராண்டுக்கு இணைப்பே துண்டிக்கப்படும். சங்கத்தோடு மனத்தாங்கல் உள்ள ஐந்து பேர் போதும், செயலாளர் தம் மகளை அழைக்கக்கூட முடியாமல் போவதற்கு.

பதிந்த பிறகு ஆறு எழுத்து ஹெடர் ஒன்றைப் பெற வேண்டும். பெறுநரின் திரையில் அனுப்புநர் பெயராகத் தெரிவது இதுதான். அதன் முன்னால் வரும் இரண்டு எழுத்துகள் நிறுவனத்தையும் சேவைப் பகுதியையும் குறிக்கும். பின்னால் வரும் ஓர் எழுத்து, செய்தி விளம்பரமா, சேவையா, பரிவர்த்தனையா, அரசுச் செய்தியா என்பதைக் காட்டும். உங்கள் செய்தி எந்த வகை என்பதில் கவனமாக இருங்கள். உறுப்பினர்களுக்கான லாரி அறிவிப்பு சேவை வகை. அதே செய்தியின் கடைசியில் 'சங்கத்தின் யோகா வகுப்பில் சேர இன்றே பதிவு செய்யுங்கள்' என்று ஒரு வரி சேர்த்தால் அது விளம்பரமாகிவிடும், விளம்பரம் வேண்டாம் என்று டிஎன்டி பட்டியலில் பதிந்த உறுப்பினர்களுக்குப் போகாது. இரண்டையும் தனித்தனி டெம்ப்ளேட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் அனுப்புவோர் சந்திக்கும் சிக்கல்களை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. ஆகவே இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 குறிகளைத் தாங்கும். தமிழில் 70 மட்டுமே. அந்த எழுபதும் நாம் எண்ணும் முறையில் எண்ணப்படுவதில்லை. 'குடிநீர் லாரி நாளை வராது' என்பது கண்ணுக்குப் பதினொரு எழுத்துகளும் மூன்று இடைவெளிகளும்தான். கணினியோ 'கு' என்பதைக் ககரம் ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டாகவும், 'ர்' என்பதை ரகரம் ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டாகவும் எண்ணி மொத்தம் 24 என்று கணக்கிடும். எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டாகும், ஒவ்வொரு துண்டும் 67 குறிகள்தான் தாங்கும், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். ஆகவே 'அன்பார்ந்த உறுப்பினர் பெருமக்களுக்கு வணக்கம்' போன்ற தொடக்கங்களை விட்டுவிட்டு, நேரே விஷயத்துக்கு வந்துவிடுங்கள்.

அடுத்த சிக்கல் இன்னும் நுண்மையானது. அனுப்பும் செய்தியும் ஒப்புதல் பெற்ற டெம்ப்ளேட்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். 'கொளத்தூர்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், குறியீட்டு அளவில் ஒப்பிடும் இயந்திரத்துக்கு இரண்டும் வேறு. 'மௌலிவாக்கம்' இன்னும் மோசம். அதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் தட்டியிருப்பார்கள், யார் கண்ணுக்கும் தெரியாது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பிலோ பிடிஎஃப்-இலோ இருந்து நகலெடுத்தால் இத்தகைய வேறுபாடுகள் தாமே வந்து சேரும். இதற்கு எளிய வழி, ஒப்புதல் பெற்ற டெம்ப்ளேட்டையே டிஎல்டி தளத்திலிருந்து நகலெடுத்து அனுப்பும் தளத்தில் ஒட்டுவதுதான். மீண்டும் தட்டச்சு செய்யவே செய்யாதீர்கள்.

தேதி, நேரம், தெருப் பெயர் போன்ற மாறும் பகுதிகளுக்கு டெம்ப்ளேட்டில் இடம் விடலாம். ஒவ்வோர் இடத்துக்கும் முப்பது குறிகள் வரம்பு. மேலே சொன்ன கணக்கில் முப்பது குறி என்பது நான்கைந்து சிறிய தமிழ்ச் சொற்களுக்கு மேல் தாங்காது. நீளமான தெருப் பெயர் இருந்தால் அதை மாறாத பகுதியிலேயே எழுதித் தனி டெம்ப்ளேட்டாகப் பதிந்துகொள்வது நல்லது. செய்தியில் இணைய இணைப்போ அழைக்க வேண்டிய எண்ணோ இருந்தால் அதையும் முன்கூட்டியே பதிய வேண்டும். பதியாத இணைப்பு உள்ள செய்திகள் 2024 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்படுகின்றன. அதே ஆண்டு டிசம்பர் 11 முதல், செய்தி உங்களிடமிருந்து எந்தெந்த இடைநிலை நிறுவனங்கள் வழியாகப் போகிறது என்னும் சங்கிலியையும் அறிவித்திருக்க வேண்டும். இடைநிலை நிறுவனத்தை மாற்றினால் இந்தச் சங்கிலியைப் புதுப்பிக்க மறந்துவிடுவார்கள். திடீரென்று எல்லாச் செய்தியும் ஒரே நாளில் நின்றுபோனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

பெறுநரின் விருப்பம்

உறுப்பினர் ஒருவர் சங்கத்தின் செய்தி வேண்டாம் என்றால் அன்றே பட்டியலிலிருந்து நீக்குங்கள், வாதாடாதீர்கள். உறுப்பினர் படிவத்தில் 'குறுஞ்செய்தி பெற ஒப்புகிறேன்' என்று ஒரு கட்டம் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கு வரும் விளம்பரத் தொல்லையைப் பற்றி 1909 என்ற எண்ணில் புகார் செய்ய ஏழு நாட்கள் அவகாசம் உண்டு என்பதையும், டிராயின் டிஎன்டி செயலியில் எந்தத் துறையின் விளம்பரம் வேண்டும், எது வேண்டாம் என்று அவரே தேர்ந்தெடுக்கலாம் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

தடுக்கும் அதிகாரம் யாருடையது

இவ்வளவு வடிகட்டலுக்கும் நியாயமான காரணம் இருக்கிறது. 'மின்கட்டணம் செலுத்தவில்லை, இன்றிரவு உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்' என்ற மோசடிச் செய்தியை நம்பி ஏமாந்தவர்கள் சென்னையில் பல தெருக்களில் இருக்கிறார்கள். அத்தகைய செய்திகளைத் தடுப்பதை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் அவை சட்டத்துக்கு உட்பட்ட செய்திகள் அல்ல. கேள்வி மற்றவற்றைப் பற்றியது.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி வெளிப்படையாகவே எழுந்தது. 2007 செப்டம்பரில் வெரைசன் நிறுவனம், கருக்கலைப்பு உரிமைக்காகப் பணியாற்றும் அமைப்பு ஒன்று தன் ஆதரவாளர்களுக்கு, அதுவும் தாமே கேட்டுப் பதிந்துகொண்டவர்களுக்கு, குறுஞ்செய்தி அனுப்ப வசதி தர மறுத்தது. எதிர்ப்பு எழுந்ததும் மிக விரைவிலேயே முடிவை மாற்றிக்கொண்டது. எல்லாச் செய்திகளையும் பாகுபாடின்றிக் கொண்டுசேர்க்கும் கடமையைத் தொலைபேசி அழைப்புக்கு இருப்பதுபோலக் குறுஞ்செய்திக்கும் விதிக்க வேண்டும் என்று அந்நாட்டு ஆணையமான எஃப்சிசியிடம் அதே ஆண்டு மனு கொடுக்கப்பட்டது. பதினோராண்டுகள் கழித்து, 2018 டிசம்பரில், ஆணையம் அதற்கு நேர்மாறாக முடிவெடுத்தது: குறுஞ்செய்தி ஒரு தகவல் சேவை, ஆகவே அந்தக் கடமை அதற்குப் பொருந்தாது என்றது. ஸ்பேமைத் தடுக்க நிறுவனங்களுக்குச் சுதந்திரம் வேண்டும் என்பதே சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணம் பொய்யல்ல. ஆனால் ஸ்பேமைத் தடுக்கும் சுதந்திரம் தரும் அதே விதி, பிடிக்காத செய்தியைத் தடுக்கும்போது நிறுவனத்தைக் கேள்வி கேட்கும் வழியையும் அடைத்துவிடுகிறது.

நம் நாட்டில் நிலைமை வேறு. இங்கே வடிகட்டச் சொல்வது ஒழுங்குமுறை ஆணையம். வடிகட்டியை இயக்குபவை நிறுவனங்கள். 2011-இல் டிராய் ஒரு சிம்முக்கு நாளொன்றுக்கு நூறு செய்தி என்று வரம்பு விதித்துப் பின்னர் அதை இருநூறாக உயர்த்தியது. வணிக நோக்கமற்ற செய்திகளுக்கும் இந்த வரம்பைப் பொருத்துவது பேச்சுரிமையைப் பாதிக்கிறது என்று 2012 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. குறுஞ்செய்தி அனுப்புவது அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு காக்கும் உரிமையோடு தொடர்புடையது என்பதற்கு இந்தத் தீர்ப்பு நம் கையில் உள்ள வலுவான சான்று; உங்கள் புகார்க் கடிதத்தில் இதைக் குறிப்பிடுங்கள். மற்றொரு நிகழ்வு 2021 மார்ச் 8. டெம்ப்ளேட்டோடு ஒப்பிட்டு வடிகட்டும் முறை முழுமையாக இயங்கத் தொடங்கிய அந்த நாளில், வங்கி ஓடிபி, ஆதார் ஓடிபி, தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் ஓடிபி எனப் பலவும் பெரிய அளவில் நின்றுபோயின; மறுநாளே டிராய் அந்த நடைமுறையை ஏழு நாட்களுக்கு நிறுத்திவைக்க நேர்ந்தது. அன்று தடைபட்ட வங்கிச் செய்திகளில் எது சட்டவிரோதமானது? வங்கிகள் பெரியவை, அவற்றின் குரல் ஒரே நாளில் எட்டியது. ஒரு வட்டார நூலகத்துக்கு அந்தக் குரல் கிடையாது.

டெம்ப்ளேட்டுக்கு ஒப்புதல் தருவது நிறுவனம்தான் என்பதே என்னைக் கவலைகொள்ள வைக்கிறது. எங்கள் சங்கம் வார்டின் பகுதி சபைக் கூட்டத்துக்கு உறுப்பினர்களை அழைக்க அனுப்பிய டெம்ப்ளேட் 'வகை பொருந்தவில்லை' என்ற இரண்டே சொற்களோடு திரும்பி வந்தது. எந்த வகையில் பொருந்தும் என்றோ, யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றோ அதில் இல்லை. உள்நோக்கம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. அவசரத்தில் யாரோ ஒருவர் பொத்தானை அழுத்தியிருக்கலாம். ஆனால் குப்பைக் கிடங்கைப் பற்றிய கூட்டத்துக்கு அழைக்கும் செய்தியும் இதே பொத்தானைத் தாண்டித்தான் போக வேண்டும். அரசே ஒரு செய்தியை நிறுத்த வேண்டுமானால், 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ அதைக் கோரும் நிலையில், காரணத்தை எழுத்தில் பதிந்து ஆணையிட வேண்டும். அரசுக்கே உள்ள இந்தக் கட்டுப்பாடு டெம்ப்ளேட் சரிபார்க்கும் ஒரு மேசைக்கு இல்லை என்பது ஏற்கத்தக்கதன்று.

தடுக்காமலேயே எச்சரிக்க முடியும் என்பதற்கும் நம்மிடையே உதாரணம் உண்டு. ஏர்டெல் 2024 செப்டம்பரில் கொண்டுவந்த வசதி, சந்தேகத்துக்குரிய அழைப்புகளையும் செய்திகளையும் அப்படியே அடையாளமிட்டுக் காட்டுகிறது. திறப்பதா, நீக்குவதா என்பதைப் பயனர் முடிவு செய்கிறார். பதிவு பெற்ற சங்கத்தின் செய்தியில் நிறுவனத்துக்கு ஐயம் இருந்தால் இந்த அளவோடு நிற்பதே முறை.

புகார் செய்யும் வழி

டெம்ப்ளேட் நிராகரிக்கப்பட்டால் அதே தளத்தின் உதவி மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்த விதியின் எந்தப் பகுதிக்கு இது முரணானது என்று கேளுங்கள். பெரும்பாலான நேரங்களில் இந்த ஒரு கேள்வியே வேலையை முடித்துவிடும், ஏனெனில் அதற்குப் பதில் எழுதுவதைவிட ஒப்புதல் தருவது எளிது. சிறு மாற்றம் செய்து மீண்டும் அனுப்பலாம் என்றால் அனுப்புங்கள். ஆனால் முதல் நிராகரிப்பின் திரைப்பதிவைச் சேமித்துக்கொண்ட பிறகே அனுப்புங்கள்.

ஒப்புதல் பெற்ற செய்தி பெறுநரைச் சேரவில்லை என்றால், பெறுநரே தம் நிறுவனத்தின் புகார் எண்ணான 198-ஐ அழைத்துப் புகார் பதிய வேண்டும். அவர்தான் அந்த நிறுவனத்தின் சந்தாதாரர். தரப்படும் பதிவெண்ணை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அது இல்லாமல் அடுத்த படிக்கு ஏற முடியாது. பதில் திருப்தி தராவிட்டால் முப்பது நாட்களுக்குள் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகார்களை நேரடியாகத் தீர்ப்பதில்லை என்பதால் அங்கே எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

அதற்கும் மேலே போக வேண்டுமானால், செய்தி கிடைக்காமல் இழப்புக்கு உள்ளான சந்தாதாரர் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். தொலைபேசி நிறுவனத்துக்கு எதிரான வழக்கை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் உறுதிசெய்திருக்கிறது. சென்னையில் வடக்கு, தெற்கு என மாவட்ட ஆணையங்கள் உள்ளன. செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. ஒருவருக்கு மட்டுமின்றிப் பலருக்கும் ஒரே பாதிப்பு என்றால், டிராய் சட்டத்தின் 14-ஆம் பிரிவு நுகர்வோர் குழுவுக்கும் சேவை நிறுவனத்துக்கும் இடையிலான தகராறைத் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோக வழி தருகிறது. தீர்ப்பாயம் டெல்லியில் உள்ளது, செலவும் பிடிக்கும். நான்கைந்து சங்கங்கள் சேர்ந்தால் மட்டும் அதை யோசியுங்கள்.

விதியையே மாற்றக் கேட்பது

2025-இல் வந்த திருத்தத்துக்கு முன் 2024 ஆகஸ்டில் டிராய் ஆலோசனை அறிக்கை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. இத்தகைய அறிக்கைகள் டிராயின் இணையதளத்தில் வரும். யாரும் மின்னஞ்சலில் கருத்து அனுப்பலாம், வந்த கருத்துகள் அங்கேயே வெளியிடப்படும். அங்கே தொலைபேசி நிறுவனங்களும் அவற்றின் கூட்டமைப்புகளும் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. நலச்சங்கங்களின் கடிதங்கள் மிக அரிது. அடுத்த அறிக்கை வரும்போது உங்கள் சங்கத்தின் கடிதம் அதில் இருக்க வேண்டும். பதிவு பெற்ற அனுப்புநரின் செய்தியோ டெம்ப்ளேட்டோ நிறுத்தப்பட்டால் காரணத்தை விதி எண்ணோடு உடனே தெரிவிக்க வேண்டும், நிறுவனத்துக்கு வெளியே ஒருவரிடம் மேல்முறையீடு செய்யும் வழி வேண்டும், நிராகரித்தவற்றின் எண்ணிக்கையைக் காரண வாரியாக ஒவ்வொரு நிறுவனமும் மாதந்தோறும் வெளியிட வேண்டும் என்று கேளுங்கள். உங்களிடம் உள்ள டெலிவரி ரிப்போர்ட் வரிகளை இணையுங்கள். உறுப்பினர்களின் எண்களை மறைத்துவிட்டு இணையுங்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பிஎஸ்என்எல்லும் டிராயும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. தனியார் நிறுவனங்கள் உட்பட்டவை அல்ல. ஆகவே கடந்த ஓராண்டில் தன் டிஎல்டி தளத்தில் நிராகரித்த டெம்ப்ளேட்டுகள் எத்தனை, அதற்கான காரண வகைகள் என்ன, நிராகரிப்பை மறுபரிசீலனை செய்யும் அலுவலரின் பதவி என்ன என்று பிஎஸ்என்எல்லின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பம் அனுப்புங்கள். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கேள்விகளைத் தனித்தனியே எண்ணிட்டு எழுதுங்கள், ஏன் என்று கேட்காமல் ஆவணத்தில் இருப்பதை மட்டும் கேளுங்கள்; பதில் வந்ததும் அதன் நகலை உங்கள் வட்டாரத்தின் மற்றச் சங்கங்களுக்கும் கொடுத்துவிடுங்கள்.